புறநகர் ஆங்கிலிக்கன் பாரிஷில் புதுக் கியூரேட்டைப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையான சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் இறையியல் கல்லூரியை முடித்த கையோடு யாரிடமும் ஒரு சபையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. மூன்று வருடம், சில சமயம் நான்கு வருடம், அனுபவமுள்ள ஒரு விகாரிடம் (பாரிஷ் என்னும் வட்டாரச் சபையின் பொறுப்புக் குரு) கியூரேட்டாக, அதாவது பயிற்சியில் உள்ள உதவி குருவாக, இருந்து வேலை பழகிய பிறகுதான் தனிப்பொறுப்பு. பழக்கிவிடும் விகாருக்கு ‘டிரெய்னிங் இன்கம்பென்ட்’ என்று பெயர். நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளில் இளம் ஆயர் ஒருவர் மூத்த ஆயரோடு உதவி குருவாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே ஒப்பந்தம், அறிக்கை, மதிப்பீடு என்று எழுத்து வேலை அதிகம்.

லண்டனை ஒட்டிய புறநகரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். 1930-களில் ரயில் பாதையை ஒட்டி எழுந்த, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய வீட்டு வரிசைகள், ஒரு கடைத்தெரு, சர்ச் நடத்தும் ஒரு தொடக்கப் பள்ளி, ஒன்றிரண்டு முதியோர் இல்லம், கொஞ்ச தூரத்தில் கிரிமட்டோரியம் (தகன நிலையம்). காலை ஏழு மணிக்கே பாதிப் பேர் ரயிலேறிப் போய்விடுவார்கள். கிராமத்து விகாருக்கும் நகர மையத்து விகாருக்கும் உள்ள சிக்கல்கள் வேறு.

கியூரேட் வந்தால் நம் வேலை பாதியாகும் என்று எண்ணி விண்ணப்பிக்கும் விகார் ஏமாந்துபோவார். முதல் வருடம் வேலை கூடத்தான் செய்யும். கியூரேட் கூடமாட ஒத்தாசைக்கு வந்த ஆள் அல்ல. அவருக்கு வேலை கொடுப்பது சுலபம். கொடுத்த வேலையைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் பயிற்சி. பேச நேரம் இல்லாதவர் கியூரேட் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

படி 1: வருவதற்கு முன்னால்

திருப்பணிக்கான பட்டம் கொடுப்பது பெரும்பாலும் ஜூன் 29, பரிசுத்த பேதுருவின் திருநாளை ஒட்டி நடக்கும். செப்டம்பர் கடைசியில் நடத்தும் இடங்களும் உண்டு. எந்தக் கியூரேட் எந்தப் பாரிஷுக்கு என்ற பேச்சு முந்தின இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும்.

முதலில் வீட்டைப் பாருங்கள். சம்பளம் பெறும் கியூரேட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும். பாய்லர் ஓடுகிறதா, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று வசந்த காலத்திலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். கதவை மூடிக்கொண்டு ஒருவரோடு பேச ஓர் அறை வேண்டும். அது வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால், வருகிறவர்கள் குடும்பத்தின் சமையலறையைத் தாண்டிப் போக வேண்டியிராது. அப்புறம் சாவி. முன்பு குடியிருந்தவர், வார்டன் (சபை நிர்வாகி), குழாய் ரிப்பேர் பார்த்த சபையார் என்று நாலு பேரிடம் மாற்றுச் சாவி இருக்கும். எல்லாவற்றையும் வாங்குங்கள், அல்லது பூட்டை மாற்றுங்கள்.

அடுத்து பணி ஒப்பந்தம். பட்டத்துக்கு முன்பே, எழுத்தில். 2009-ஆம் ஆண்டின் குருமார் பணி விதிகள்படி ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வும், வருடத்துக்கு 36 நாள் விடுப்பும் அவருடைய உரிமை. ஓய்வு நாள் எது, அன்று யார் போன் எடுப்பது, படிப்புக்கு எந்த நாள், பயணச் செலவை யார் எப்போது தருவது, எதை உங்களிடம் உடனே சொல்ல வேண்டும், எதை வாரச் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் பேராயத்தில் (ஒரு பேராயரின் கீழ் உள்ள பாரிஷ்களின் தொகுதி) யாரிடம் போவது என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒத்துப்போகாத நாளில் அதை எழுத முடியாது.

புறநகரில் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்புவதே மாலையில்தான். ஆகவே சந்திப்புகள் எல்லாம் இரவு எட்டு மணிக்குப் போய் நிற்கும். நாளைக் காலை, பிற்பகல், மாலை என்று மூன்றாகப் பிரித்து, அதில் இரண்டில் மட்டும் வேலை செய்வது என்பது பல விகார்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. கியூரேட்டுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரே வழி, நீங்கள் அப்படி இருப்பதுதான்.

படி 2: சிறுவர், பலவீனர் பாதுகாப்பு

இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலிக்கன் சபை குற்றங்களை எப்படி மூடி மறைத்தது என்பதை இங்கிலாந்தின் சிறார் பாலியல் கொடுமை விசாரணை ஆணையம் 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை விவரமாகச் சொன்னது. 2024 நவம்பரில், ஜான் ஸ்மைத் என்பவர் செய்த கொடுமைகளைச் சபை கையாண்ட விதம் பற்றிய மேக்கின் அறிக்கை வந்த சில நாட்களில், அப்போதைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். இந்தச் சூழலில்தான் உங்கள் கியூரேட் வேலைக்கு வருகிறார்.

குற்றப் பின்னணிச் சோதனையும், பேராயம் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சிகளும் முடிந்தனவா என்று பாருங்கள். முதல் வாரமே பாரிஷின் பாதுகாப்பு அலுவலரோடு அவரை உட்கார வையுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும், கேட்டதை அன்றே எழுதி அலுவலரிடம் சேர்க்க வேண்டும் என்பதும் கியூரேட்டுக்கு யோசிக்காமலே வர வேண்டும். குற்றச்சாட்டு உங்கள் மேலேயே வந்தால் உங்களைத் தாண்டி நேராகப் பேராயத்துக்குப் போகலாம் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

படி 3: முதல் ஞாயிறும் முதல் மூன்று மாதமும்

கதீட்ரலில் மன்னருக்கும் பேராயருக்கும் உறுதிமொழி எடுத்து, டீக்கனாக (குருவுக்கு முந்தின நிலை) வெளியே வருகிறார். இடது தோளிலிருந்து குறுக்காகப் போட்ட ஸ்டோல் என்னும் நீளத் துணிப்பட்டைதான் அடையாளம். டீக்கன் திருவிருந்தை (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) நடத்த முடியாது. பாவ மன்னிப்பும் ஆசீர்வாதமும் சொல்ல முடியாது. ஆராதனையை நடத்தும்போது ‘உங்களை’ என்று வரும் இடத்தில் ‘எங்களை’ என்று சொல்லி முடிப்பார். ஞானஸ்நானம், அடக்கம், பிரசங்கம், ஏற்கெனவே பிரதிஷ்டை செய்த அப்பத்தை வீட்டில் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோவது எல்லாம் செய்யலாம். சட்டப்படி திருமணமும் நடத்தலாம், ஆனாலும் முதல் வருடம் அதை விட்டுவைப்பது வழக்கம்.

முதல் ஞாயிறு அவரைப் பிரசங்கம் செய்ய வைக்காதீர்கள். சுவிசேஷம் வாசிக்கட்டும், மேசையை ஆயத்தம் செய்யட்டும், கடைசியில் “சமாதானத்தோடே போங்கள்” என்று அனுப்பி வைக்கட்டும். டீக்கனின் வேலை இவைதான். சபையாரும் அதைப் பார்க்கட்டும்.

அந்த வாரமே பாரிஷின் எல்லையை ஒரு சுற்று நடந்து வாருங்கள், இருவரும் சேர்ந்து. எல்லை என்பது பழங்காலச் சடங்கு இல்லை. யார் இந்தக் கோவிலில் திருமணம் செய்யலாம், யார் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஒரே தெருவில் இடப்பக்கம் உங்கள் பாரிஷ், வலப்பக்கம் அடுத்த பாரிஷ் என்றிருக்கும். வழியில் மசூதி, குருத்வாரா, இந்துக் கோயில் எது இருந்தாலும் உள்ளே போய் வணக்கம் சொல்லுங்கள். ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் நம் ஆட்களின் கடைகளும் கோயில்களும் வழியெல்லாம் இருக்கும். ஒருவரையும் தெரியாமல் வருகிற கியூரேட்டுக்கு அந்தக் கடைத்தெருவே நல்ல பள்ளிக்கூடம்.

காலை ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். காலையும் மாலையும் ஜெபிப்பது குருமாருக்குத் திருச்சபைச் சட்டம் இட்ட கடமை. அதோடு, தினமும் இருபது நிமிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் முகம் வாடியிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 4: வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்

பயிற்சியின் முதுகெலும்பு இதுதான். முதல் வருடம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். நாட்குறிப்பைத் திறந்து “வியாழக்கிழமை அடக்கம் யார் பார்ப்பது?” என்று பிரிக்கும் கூட்டம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நாட்குறிப்பு எல்லா நேரத்தையும் தின்றுவிடும். ஆகவே வேறு வேறு நாளில் வையுங்கள்.

கியூரேட் ஒரு சம்பவத்தை எழுதிக்கொண்டு வரட்டும். அரைப் பக்கம் போதும். மருத்துவமனைச் சாப்ளின்களை (நோயாளிகளுக்கு ஊழியம் செய்பவர்கள்) பழக்கும்போது செய்வதுபோல, நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, பக்கத்திலேயே அந்த நேரத்தில் தன் மனதில் ஓடியதையும் குறிப்பது நல்ல முறை. “அம்மா இறந்துவிட்டார் என்று அந்தப் பெண் சொன்னதும் நான் ஏன் பேச்சை மாற்றினேன்?” என்ற கேள்வி அவருக்கே அந்தத் தாளில் தென்படும். கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் எழுதிய கற்றல் சுழற்சியைப் பேராயப் பயிற்சியாளர்கள் பலர் சொல்வார்கள்: செய்தது, அதை நினைத்துப் பார்த்தது, அதிலிருந்து ஒரு கருத்தை எடுத்தது, அடுத்த முறை மாற்றிச் செய்து பார்த்தது. விகார்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தாண்டிக் குதித்து, மூன்றாவதைத் தாங்களே சொல்லிவிடுகிறோம்.

பெரிய சோதனை, “எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை...” என்று தொடங்குவது. ஒருமுறை தொடங்கினால் அந்த மணி நேரம் உங்களுடையதாகிவிடும். கதையை அடக்கிக்கொண்டு, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். பேராயருக்கு அறிக்கை எழுதுவது நீங்கள். அவருடைய எதிர்காலத்தில் உங்கள் பேனாவுக்குப் பங்கு உண்டு என்பது இருவருக்கும் தெரியும். இது தெரிந்த ஒருவர் மனதை முழுக்கத் திறக்க மாட்டார், திறக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. அதற்குத்தான் வேறு ஒரு ஆவிக்குரிய வழிகாட்டி இருக்க வேண்டும். அவர் யார் என்பதுகூட உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் நாலு வரிக் குறிப்பு எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வருட அறிக்கையில் அவர் முன்பு கேட்டிராத ஒரு குறை வந்தால் தவறு உங்களுடையது.

படி 5: அடக்க ஆராதனை

புறநகர்க் கியூரேட் அதிகம் கற்பது இங்கேதான். ஞாயிறு கோவிலுக்கே வராத குடும்பங்களும் அடக்கத்துக்கு விகாரைத் தேடும்.

முதலாவதில் அவர் உங்களோடு வந்து பார்க்கட்டும், வீட்டுச் சந்திப்பு உட்பட. இரண்டாவதில் ஜெபங்களை அவர் நடத்தட்டும். மூன்றாவதை முழுக்க அவரே செய்ய, நீங்கள் கடைசி வரிசையில் இருங்கள். அப்புறம் தனியாக. இந்த வரிசையை அவசரப்படுத்தாதீர்கள். குழந்தையின் மரணம், தற்கொலை போன்றவற்றில் எத்தனை அனுபவம் ஆனாலும் கூடவே போங்கள்.

வீட்டுச் சந்திப்பில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கக் கூடாது. இறந்தவரை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், அழைத்தது வேறு பெயர் என்பது சாதாரணம். உச்சரிப்பைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் குடும்பமென்றால் எது தகப்பன் பெயர், எது அவர் பெயர் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். பல படிவங்களில் அது தலைகீழாகத்தான் இருக்கும்.

கிரிமட்டோரியத்தில் நேரம் கறார். அரைமணி, முக்கால் மணி என்று பகுதி பகுதியாக ஒதுக்குவார்கள். தாண்டினால் வாசலில் அடுத்த குடும்பம் நிற்கும், சில இடங்களில் கூடுதல் கட்டணமும் வரும். குடும்பத்தினர் பேசும் நினைவுரைதான் நேரத்தை விழுங்கும். எழுதி, முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ஒருநாள் சும்மா இருக்கும் நேரத்தில் கியூரேட்டை அங்கே கூட்டிப்போய், திரை மூடும் பொத்தான் எங்கே, பாட்டு யார் போடுவார்கள், பெட்டி எந்த வழியில் வரும் என்று காட்டுங்கள். “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடப்பதைக் காலியான கோவிலில் நடந்து பழகட்டும். சத்தமும் நடையும் சேர்ந்து வருவதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

நம்மவர் வீட்டு அடக்கம் என்றால் முந்நூறு பேர் வருவார்கள், பெட்டி திறந்திருக்கும், யாழ்ப்பாணத்துக்கும் டொரன்டோவுக்கும் நேரலை போகும், ஐந்து பேராவது பேசுவார்கள். அதற்கு இரட்டை நேரம் எடுக்க வேண்டும் என்பதை ஆங்கிலேயக் கியூரேட் தானாக ஊகிக்க முடியாது. முடிந்ததும் ஒரு பெரியவர் உறையைக் கையில் திணிப்பார். அடக்கக் கட்டணம் விதிப்படி வருவது, பேராயத்துக்கும் பாரிஷ் மன்றத்துக்கும் (சபையின் நிர்வாகக் குழு) சேர்வது. குருவானவரின் பைக்குப் போவதில்லை. மறுத்தால் மனம் புண்படும். வாங்கி, நன்றி சொல்லி, கோவில் காணிக்கையில் பதிவு செய்து, ரசீது அனுப்பும்படி சொல்லிக்கொடுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு போன். நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளை ஒட்டி இறந்தவர்களின் பெயரை வாசிக்கும் ஆராதனைக்கு ஓர் அழைப்பு. இவற்றைக் கியூரேட்டின் பொறுப்பில் விட்டுவிடலாம்.

படி 6: பிரசங்கம்

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். காலை எட்டு மணிக்கு 1662 ஜெபப் புத்தகத்தின்படி நடக்கும் ஆராதனையில் ஐந்து நிமிடம், பத்து மணி ஆராதனையில் பன்னிரண்டு நிமிடம், பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நாலு நிமிடம். நாலு நிமிடம்தான் கஷ்டம்.

வாசலில் கைகுலுக்கும்போது “அருமையான பிரசங்கம்” என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. அதை நம்பிக் கருத்துச் சொல்லாமல் விடாதீர்கள். ஞாயிறு மத்தியானமே ஆரம்பிக்கவும் வேண்டாம். அன்று அவர் களைத்திருப்பார். செவ்வாய்க்கிழமை, முதலில் அவரைக் கேளுங்கள். பிறகு இரண்டே விஷயம்: ஒரே வரியில் நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன, எந்த இடத்தில் உங்கள் கவனம் நழுவியது. சபையிலிருந்து மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒருவராவது முகத்துக்கு நேராகச் சொல்கிறவராக இருக்கட்டும்.

படி 7: ஞானஸ்நானம், திருமணம், பள்ளிப் படிவம்

பாரிஷில் வசிக்கும் பெற்றோர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டால், ஆயத்தம் செய்வதற்கான காலத்தைத் தவிர வேறு காரணத்துக்காக விகார் மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம். கோவிலுக்கு வராதவர்கள் என்று முகம் சுளிக்கும் கியூரேட்டுக்கு இதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள்.

திருமணம் சட்ட வேலை. ஓலை (திருமண அறிவிப்பு) மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், மணமக்கள் இருவருடைய பாரிஷிலும். முடிந்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2021 மே 4 முதல் பழைய பதிவேடு முறை போய், கையெழுத்திட்ட திருமண ஆவணத்தை 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் சேர்க்கும் முறை வந்துவிட்டது. மணமக்களில் ஒருவர் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விசாவில் வந்தவர் என்றால் ஓலை வழி பெரும்பாலும் மூடியது. பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது என்பதைக் கியூரேட்டுக்கு அழுத்திச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் சிக்கல் தெரிந்தால் பெரிய ரகளை.

பள்ளிப் படிவம் புறநகருக்கே உரிய தலைவலி. சர்ச் பள்ளிகளில் இடம் கேட்கும்போது கோவிலுக்குத் தவறாமல் வருகிறார்கள் என்று விகார் கையெழுத்துக் கேட்கும் பள்ளிகள் உண்டு. இடைநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. அதை ஒட்டிக் கோவிலில் குழந்தைத் தள்ளுவண்டிகள் பெருகுவதைப் பார்க்கலாம். புதுமுகம் என்பதால் பெற்றோர் முதலில் கியூரேட்டைத்தான் மடக்குவார்கள். அவர் கையெழுத்துப் போடக் கூடாது, எதுவும் உறுதி சொல்லவும் கூடாது. அதை வருகைப் பதிவேடே சொல்லட்டும். ஆனால் அந்தத் தள்ளுவண்டிக்காரர்களில் சிலர் ஜனவரிக்குப் பிறகும் வருவார்கள். அவர்களைக் கவனிக்கும் வேலையைக் கியூரேட்டிடம் கொடுங்கள்.

படி 8: டீக்கனிலிருந்து குருவாக

ஒரு வருடம் கழித்து அடுத்த பட்டம். அதற்கு முந்தின வாரங்களில் காலியான கோவிலில், பிரதிஷ்டை செய்யாத அப்பமும் தண்ணீரும் வைத்து முழு ஆராதனையையும் நடத்திப் பார்க்கட்டும். கை எங்கே இருக்க வேண்டும், எத்தனை பேருக்கு எத்தனை அப்பம், மீந்ததை எப்படி உட்கொள்வது, பாத்திரத்தை எப்படித் துடைப்பது என்று எல்லாம். திராட்சரசம் புளித்த ரசமாகவே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வேறு சபைகளில் சாறு பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் முதன்முறை திருவிருந்து நடத்தும் அன்று நீங்கள் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். போய் சபையாரோடு உட்காருங்கள்.

படி 9: பிந்திய வருடங்கள்

இனி துண்டு வேலை வேண்டாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பொறுப்பு, அதற்கென்று கொஞ்சம் பணம்: திடப்படுத்தல் வகுப்போ, தவக்காலப் படிப்போ, முதியோர் இல்ல ஊழியமோ. உரிமம் பெற்ற கியூரேட் பாரிஷ் மன்றத்தில் உறுப்பினர். பொருளாளரோடு ஒரு மாலை உட்கார்ந்து, பேராயத்துக்குக் கட்டும் பங்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு என்று பார்க்கட்டும். ஒரு பெஞ்சை எடுப்பதற்குக்கூட யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை ஒரு விண்ணப்பத்தை அவரே எழுதினால்தான் புரியும். மே 31-க்குள் நடத்த வேண்டிய வருடாந்தரக் கூட்டத்தை ஆயத்தம் செய்வதையும் அவரிடம் விடுங்கள்.

நீங்கள் விடுமுறையில் இருக்கும்போது அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆபத்தில்லாத முடிவு என்றால் திரும்பி வந்து அதை மாற்றாதீர்கள். சபையார் உங்களையும் அவரையும் ஒப்பிட்டு உங்கள் காதில் போட வருவார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

படி 10: அனுப்பி வைப்பது

கடைசி வருடத்தில் மதிப்பீட்டுக் கோப்பு முடிந்து, பேராயர் ஒப்புதல் தந்ததும் அவர் வேலை தேடுவார். சர்ச் டைம்ஸ் வார இதழின் விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பிப்பார், நேர்காணலுக்குப் போவார், சிலவற்றில் தோற்பார். நேர்காணல் நாட்களை அவருடைய விடுப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போன பிறகு, அவர் நடத்திய அடக்கத்தின் குடும்பத்தார் அடுத்த அடக்கத்துக்கும் அவரையே கேட்பார்கள். அவர் உங்களைக் கேட்காமல் வரக் கூடாது என்பதைப் போகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த கியூரேட்டுக்கு உடனே எழுதிப் போடவும் வேண்டாம். ஒரு வருடமாவது விடுங்கள். சபைக்கும் இடைவெளி வேண்டும், அந்த வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.